பிரவீனாவின் காய்ச்சலும் என் உச்சக்கட்டமும்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பிறந்தது. ‘கர்ப்பிணி காய்ச்சல் மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம்’ என்று வந்ததை முழுதாகப் படிக்காமல் பதினொரு பேருக்கு அனுப்பியவன் நான். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பாலுசாமி.

2

‘வாழைத்தோட்டத்தின் மேல் பனி மெல்ல...’

(வேண்டாம். நூற்றிரண்டு டிகிரியில் கிடப்பவளுக்குப் பனி எதற்கு?)

பாலுசாமியின் மருமகள் பிரவீனாவுக்கு இது இரண்டாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். காய்ச்சலுக்கு டாக்டரம்மா பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை அட்டை இப்போது மாமனாரின் சட்டைப்பையில் இருக்கிறது. மூத்தவன் மிதுனுக்கு நாலு வயது. ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. காரணத்தை மாமனார் கண்டுபிடித்துவிட்டார்.

“போன தடவையும் இதயேதான முழுங்குன அம்மணி? பையன் வாயத் தொறக்கறானா பாரு. கசாயம் வெச்சுக் குடி.”

“காச்சல அப்படியே உட்டாத்தான் ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாங்க மாமா.”

“அவிய ஒருத்தரு. இது பதினாறு குரூப்புல வந்திருக்குது.”

கணவன் மனோஜ்குமார் குடும்பக் குழுவில் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு ஒதுங்கிக்கொண்டான்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: சில ஆய்வுகள் தொடர்பு இருக்கலாம் என்கின்றன. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வில் அது தெரியவில்லை. இதை யாரும் பதினாறு குழுக்களுக்கு அனுப்பவில்லை. நானும்தான்.)

3

எனக்கு அருமையான உச்சக்கட்டம் அகப்பட்டது. முதல் கர்ப்பத்தில், வளைகாப்பு மாதிரி நடக்கும் கட்டுச்சோற்று விருந்தன்றும் பிரவீனாவுக்குக் காய்ச்சல். அன்று எடுத்த வீடியோவில் பாலுசாமியே மாத்திரை நீட்டுகிறார்: “நானூறு சனம் வந்திருக்குது. இதப் போட்டுக்கிட்டு சிரிச்ச மூஞ்சியா உக்காரு கண்ணு.”

‘பிரவீனா டிவியில் அதை ஓடவிட்டாள். மாமனாரின் முகம்...’

ஓடவிடவில்லை. என் வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க எழுத்தாளரே, அதப் போட்டுக் காட்டுனா என்னாகுமுங்க?”

“பழி அவர் தலையில் விழும்.”

“அப்ப மாத்திரதான் காரணம்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. எம்பையனுக்கு வேணுங்கறது பேச்சுப் பயிற்சி. காரணம் தேடற மும்முரத்துல நாலு மாசமா அவனக் கூட்டிட்டுப் போக இந்த ஊட்டுல ஆளில்லீங்க.”

எனக்கு வெட்கமாகிவிட்டது.

4

முடிவு ஒன்று: பாலுசாமி திருந்துகிறார். (நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: காய்ச்சல் தானாகவே இறங்கி...

“நீங்க எழுதி முடிக்கற வரைக்கும் காச்சல் காத்திருக்காதுங்க.”

அவள் கூடத்துக்குப் போனாள். மதியச் சாப்பாடு முடிந்து மாமனார் குறட்டையில் இருந்தார். ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து அட்டையை எடுத்தாள். அதில் ஏற்கெனவே இரண்டு குறைந்திருந்தன. காலையில் மாமாவுக்கு முழங்கால் வலி. ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, மிதுனின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விழித்ததும் பாலுசாமி அட்டையை எண்ணிப் பார்ப்பார். அந்நேரம் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், எழுப்பக் கூடாது. அவருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நான் அனுப்பிய பதினொரு பேரில் நீங்களும் ஒருவர். குறட்டை நின்றுவிட்டது, சொல்லுங்கள்.