ஜோடி சாம்பிள்

சாயத்திலிருந்து ஜெல் தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா மூன்றாவது முறையாக அழைத்தார். அக்கா முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"உன் தம்பி செத்துக் கெடக்கான். நீ லேப்ல என்னம்மா பண்ற? நாலு மணிக்கு எடுக்கணும்."

"அவனோட டெஸ்ட்டத்தான் பாக்கறேன் சித்தப்பா. மூணரைக்கு வந்துடுவேன்."

"இனிமே பாத்து என்ன ஆகப் போகுது?"

"அப்பாவுக்குத் தெரியணும்."

தம்பி பஸ் ஓட்டியவன். மூன்று வருடங்களாகக் கால் தள்ளாடியது, நாக்கு குழறியது. வேலை போயிற்று. தெருவில் அவனுக்கு 'ஊஞ்சல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன். அப்பா நம்பவில்லை. தினமும் வாசலில் மறித்து, "ஊதுடா" என்பார். வாடை வராவிட்டால், "எதையோ மென்னுட்டு வர்றான்" என்பார்.

ஸ்கேனில் மூளையில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்ததும் டாக்டர் முதுகுத்தண்டு நீரை எடுத்து அனுப்பினார். கூடவே வர வேண்டிய ரத்தத்தை வார்டில் மறந்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீரில் மட்டும் கோடுகள் இருந்தால்தான் எதிர்ப்பொருள் நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உண்டாகிறது, இது நரம்பு நோய் என்று சொல்ல முடியும். சொந்தத் தம்பி என்பதற்காக விதியை வளைக்க முடியுமா? 'ஜோடி இல்லை, முடிவு சொல்ல இயலாது' என்று எழுதி அனுப்பியவளே அக்காதான்.

அதைக் கேட்டதும் தம்பி சிரித்தான். "எனக்குத்தான் ஜோடி அமையல. என் சாம்பிளுக்குமாக்கா?"

நேற்று முன்தினம் கடும் காய்ச்சலோடு அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நின்று சண்டை போட்டு இரண்டையும் எடுக்கவைத்தாள். இன்று காலை அவன் போய்விட்டான்.

தட்டை விளக்கில் பிடித்தாள். ரத்தத்தின் வரிசை வெறும் மங்கல். பக்கத்தில், நீரின் வரிசையில், ஏழு கோடுகள். மறுபடி எண்ணினாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படம் எடுத்தாள்.

வீட்டில் அப்பா தம்பியின் தலைமாட்டில், யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். படத்தை அவர் மடியில் வைத்தாள்.

"இது ரத்தம். இது முதுகுத்தண்டு நீர். இந்த ஏழு கோடும் இதுல மட்டும் இருக்குப்பா. டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் வர்றேன். நரம்பு நோய்தானாம். குடியில்ல."

அப்பா ஒவ்வொரு கோட்டின் மேலும் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா."

வெளியே வண்டி வந்து நின்றது. "நேரமாச்சுண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா குனிந்து, தினமும் வாசலில் செய்தது போலவே, மகனின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"ஊத வேணாம்டா. உள்ள வா."

சித்தப்பா வெளியே போய், வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.