கோவில் செயலாளரின் கால்சேறு

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் கால் கழுவியதன் நினைவாகச் சாமியார் தண்ணீர் ஊற்றியதும் கோவில் செயலாளரின் பாதங்களிலிருந்து கருஞ்சேறு வந்தது. மூன்று பேசின் மாற்றியும் நிற்கவில்லை. பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவது பதினெட்டு வருடமாக அவர் வேலை. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுவார். கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு வருகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. சாக்கடை அள்ளும் சொந்தத் தம்பியை மட்டும் அவர் ஒரு வருடமும் சேர்க்கவில்லை. "அவன் கால வச்சா பேசினையே தூக்கிப் போடணும்" என்று ஒருமுறை ஊரறியச் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு முறிந்தது. இந்த வருடம் பன்னிரண்டில் ஒருவர் காய்ச்சலில் படுக்க, அந்த நாற்காலியில் இவரே உட்கார்ந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டுக் காயம் இல்லை என்றார். மனைவி துடைத்துத் துடைத்து ஓய்ந்தாள். ஞாயிறு ஈஸ்டர், உயிர்ப்புப் பூசை. சேற்றுக்காலோடு உள்ளே எப்படிப் போவது? மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போலக் கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளியே அவர் கால்சேற்றில் ஒரு வட்டப் பாதையே விழுந்தது.

சனிக்கிழமை மதியம் துண்டும் பேசினுமாகத் தம்பி வீட்டுக்குப் போய் மண்டியிட்டார். தம்பி மறுக்காமல் காலை நீட்டினான். தினமும் வேலை முடிந்து இரண்டு தடவை குளிப்பவன். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக இருந்தது. அண்ணன் காலடியில்தான் தரை நாறியது.

"எந்திரிண்ணே. நீ உக்காரு."

"வேணாம்டா."

"ஏன், என் கை படக்கூடாதா?"

மண்டியிடுவது சுலபமாக இருந்தது. உட்காருவதற்குத்தான் உயிர் போனது. உட்கார்ந்தார். தம்பி சேற்றை விரலிடுக்கில் தேய்த்து, முகர்ந்து பார்த்தான். தொழில் தெரிந்தவன்.

"ரொம்பப் பழசுண்ணே. ஒரு நாள்ல போவாது."

செயலாளர் வாய்விட்டு அழுதார்.

உயிர்ப்பு ஞாயிறன்று கடைசி பெஞ்சில் அண்ணனும் தம்பியும், நடுவே ஒரு வாளியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதன்பின் தினமும் சாயங்காலம் அவர் தம்பி வீட்டுக்குப் போனார். சேறு மெல்ல நீர்த்தது. நான்காம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் தெளிவாகவே வடிந்தது. இருவரும் பார்த்தார்கள். புதன்கிழமை சாயங்காலமும் அவர் போய்க் காலை நீட்டினார். தம்பி கழுவினான்.