நண்டுக்குப் பார்த்த நாள்

குறிகட்டுவான் துறையில் மூட்டை தூக்குகிறவர்களில் அந்த வருடம் நான்தான் வயதில் மூத்தவன். சீமெந்து மூட்டை தோளில் ஏறும்போது இடுப்புக்குள் ஏதோ ஒன்று 'கடக்' என்று சொல்லும். சொல்லிவிட்டால் அன்று முழுவதும் நிமிர முடியாது. வள்ளத்துக்காரர் அம்புறோஸ் நெடுங்காலம் அதைக் கண்டும் காணாதவராக இருந்தார்.

தொண்ணூறாம் ஆண்டுச் சித்திரை. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தது. எங்கள் துறையிலிருந்து வள்ளம் ஏறி நெடுந்தீவுக்கும் போனார்கள். வெயிலில் நின்று குதிரையைப் பார்ப்பார்கள். சோடா குடிப்பார்கள். முகம் வாடித் திரும்புவார்கள்.

"உதென்ன பயணம்?" என்று ஒருநாள் அம்புறோசிடம் சொன்னேன். "என்ரை மனுசி நெடுந்தீவாள். அவளின்ரை கையாலை ஒடியல் கூழ், மரத்தடியிலை கள்ளு, பிறகு ஊர் சுத்திக் காட்டுறது. நான் கூட்டிக்கொண்டு போறன்."

அம்புறோஸ் என் இடுப்பைப் பார்த்தார். "ஒருக்காச் செய்து காட்டும். வந்த சனம் சந்தோசமாத் திரும்பினால் கிழமைக்கு ஒரு பயணம் விடுவம். நீர் மூட்டை தூக்க வேண்டாம். கோவிச்சுக்கொண்டு திரும்பினால் உந்தக் கதையை இனி என்னட்டை எடுக்கப்படாது."

முதல் ஆளாக அகப்பட்டவர் சரவணை ஊர்ச் சிவபாதம். லண்டனிலிருந்து பல வருடத்துக்குப் பிறகு வந்திருந்தார். திரும்பிப் போகும் நாளும் நெருங்கியிருந்தது. "இராயப்பண்ணை, வைன் குடிச்சுக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு. எனக்குக் கூழ் வேணும். பனையோலைப் பிளாவிலை கள்ளு வேணும். தமையன், தங்கச்சிமார், மச்சான்மார் எல்லாரும் வருவினம். நாளை நீங்களே வையுங்கோ."

எழுத்துக் கூட்டி வாசிக்க நான் பழகியது பிந்தித்தான். ஆனால் கலண்டரில் கறுத்த வட்டம் பார்க்க எழுத்துத் தேவையில்லை. நிலவு காலத்து நண்டு வெறுங் கோது. இருட்டுக் காலத்து நண்டு உடைத்தால் சதை பிதுங்கும். கறுத்த வட்டம் இருந்த நாளையே வைத்தேன். இதைவிட நல்ல நாள் கிடையாது என்று என் மனுசி ஞானசவுந்தரியும் சொல்லி, முதல்நாளே நெடுந்தீவில் தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வள்ளம் துறையை விட்டதும், ஆட்களைக் கூட்டிப் போகிறவன் ஏதாவது பேச வேண்டும் என்று எழுந்து நின்றேன்.

"இண்டைக்கு உங்களுக்கு என்னென்ன இருக்கெண்டு சொல்லுறன், கேளுங்கோ. திருக்கை இருக்கு. இறால் இருக்கு. மீன்தலை தனியா இருக்கு. நண்டு ஒவ்வொண்டும் என்ரை உள்ளங்கையிலும் பெரிசு."

தங்கச்சிமார் இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசி வள்ளத்தின் முன்னால் அணியத்துப் பக்கம் இருந்த தமையன் வைத்திலிங்கம் மெல்லத் திரும்பினார்.

"இராயப்பு, உது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணை."

"எனக்கோ? இண்டைக்கோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமாவாசையில் தகப்பன் இல்லாத சைவக்காரர் விரதம் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ வருடமாக அவர்களோடுதான் புழங்குகிறேன். ஆனால் அமாவாசை என்றால் கிறிஸ்தவரான எங்களுக்கு நண்டு.

சிவபாதம் தலையில் கைவைத்தார். "இண்டைக்கு அமாவாசையோ?"

"உனக்குத் தெரியாதோ?" என்றார் வைத்திலிங்கம். "நீதானே நாள் சொன்னனீ?"

"நான் வைக்கேல்லை. இராயப்பண்ணைதான் வைச்சவர்."

"வேதக்காரன் நாள் வைச்சவனோ? அதுவும் அமாவாசை பாத்து வைச்சிருக்கிறான், பாவி!"

"நண்டுக்கு வைச்சனான் அண்ணை. நிலவுக்குச் சதை உள்ளிராது…"

வைத்திலிங்கம் ஒரு கணம் யோசித்தார். "அது சரிதான். நிலவு நண்டு கோதுதான்" என்று ஒத்துக்கொண்டு, திரும்பவும் கோபத்தை எடுத்துக்கொண்டார். "அதுக்காக?"

"பின்னை நீங்கள் ஏன் அண்ணை வெளிக்கிட்டனீங்கள்?"

"தம்பி போறவன். சாப்பாடு எல்லாம் ஒழுங்கெண்டான். அமாவாசையிலை ஒழுங்கெண்டால் சைவச் சாப்பாடுதானே? அதை ஆரும் வாயாலை கேப்பினமோ?"

சிவபாதம் நிலைமையைச் சிரிப்பாக்கப் பார்த்தார். "சரி, தகப்பன் உள்ள ஆக்கள் கையைத் தூக்குங்கோ!" மச்சான்மார் இரண்டு பேரும் களவெடுத்தவர்கள்போலக் கையைத் தூக்கினார்கள். அவர்களின் பிள்ளைகளும் தூக்கினார்கள். "அண்ணை பாத்துக்கொண்டிருக்க நாங்கள் நண்டு உடைக்கிறதோ?" என்று தங்கச்சிமார் தமையன் பக்கம் நகர்ந்து இருந்தார்கள். சிவபாதத்தின் கை பாதியில் நின்றது. அவருக்கும் தகப்பன் இல்லை.

சுக்கானைப் பிடித்திருந்த அம்புறோஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார். என் இடுப்பு அங்கேயே வலிக்கத் தொடங்கியது.

நெடுந்தீவில் இறங்கியதும் எல்லாரையும் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றினேன். ஓட்டுகிறவனின் காதுக்குள், "நேரை வந்திடாதை. குதிரை, பெருக்கமரம், கோட்டை எல்லாத்தையும் ஆறுதலாக் காட்டு" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருவருடைய சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மிதித்தேன்.

ஞானசவுந்தரி முற்றத்தில் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் கூழுக்கு உலை வைத்திருந்தாள். சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு மூளை எங்கை கிடக்கு?"

"நீரும்தானே நல்ல நாளெண்டனீர்?"

"நண்டுக்கு நல்ல நாளெண்டு சொன்னனான். ஆக்களுக்கு எண்டு சொன்னனானோ?" என்றாள். பிறகு கையை முகர்ந்து பார்த்தாள். "இந்தக் குசினியிலை இனிச் சைவம் சமைக்க ஏலாது. வாருங்கோ, சீதேவியக்காவைக் கேப்பம்."

சீதேவியக்கா பக்கத்து வளவு. நடுவில் இடுப்பளவு உயரக் கல்மதில் மட்டும்தான். புருசன் செத்த பிறகு தனியே இருப்பவர், பிள்ளைகள் ஜெர்மனியில். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஞானசவுந்தரி விசயத்தைச் சொன்னாள். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விரதகாரருக்கு நண்டுக் கூழோ! உவன் இராயப்புவைத் தவிர ஆருக்கு உது வரும்?"

"அக்கா, சிரிச்சது காணும். நாலு பேருக்குச் சமைக்க ஏலுமோ?"

"ஏன் ஏலாது? இண்டைக்கு நானும் அவருக்குச் சமைக்கிறன்தானே. ஒராளுக்கு வைக்கிற உலையிலை இன்னும் கொஞ்சம் அரிசி. பூசணிக்காய் கிடக்கு, முருங்கையிலை கிடக்கு, தயிரும் நெய்யும் கிடக்கு. எனக்குக் கைதான் காணாது. நீ தோஞ்சிட்டு வா."

"நான் வந்தால் கூழை ஆர் பாக்கிறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மூட்டை தூக்கிய கை அகப்பைக்குப் பழக்கமில்லை. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மாக் கரைசலை விடும்போது கை நிற்கக்கூடாது. நின்றால் கட்டியாகிவிடும். ஞானசவுந்தரி குளித்து ஈரத் தலையோடு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பூசணிக்காய் வெட்டிக்கொண்டே என்னை ஆட்டிவைத்தாள். "கிண்டுங்கோ! புளி விட்டாச்சோ? அடியிலை பிடிக்குது, எனக்கு இஞ்சை மணக்குது!" புகையில் கண் எரிய எரியக் கிண்டினேன். பனை ஏறும் சீவல்காரர் கதிர்காமு வந்து முட்டிகளை இறக்கினார். கள்ளோடு, சுண்ணாம்பு முட்டியில் எடுத்த கருப்பணியும் கொண்டுவந்திருந்தார். அது வெறிக்காது, வெறுமனே இனிக்கும். விரதகாரருக்கும் குடிக்க ஒன்று கிடைத்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

உழவு மெசின் வந்து சேர்ந்தபோது இரண்டு வளவிலும் சமையல் முடிந்திருந்தது. வைத்திலிங்கத்தையும் தங்கச்சிமாரையும் சீதேவியக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சிவபாதமும் தமையனுக்குப் பின்னால் போனார், கூழ்ச்சட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. மச்சான்மாரும் பிள்ளைகளும் என் பக்கம் குந்தினார்கள்.

வைத்திலிங்கம் கால் முகம் கழுவி, தகப்பனுக்குப் படைத்து, இலைத் துண்டில் சோறும் கறியும் எடுத்தார். சீதேவியக்கா மெல்லக் கிட்டப் போனார். "பிள்ளையள் தூரத்திலை. அவரின்ரை பேரையும் சொல்லி ஒரு பிடி வைப்பியளோ தம்பி?" வைத்திலிங்கம் பேரைக் கேட்டு இரண்டாவது இலையிலும் வைத்தார். இரண்டையும் மதிலின்மேல் வைத்துவிட்டு, "கா… கா…" என்று கூப்பிட்டார்.

காகங்கள் வந்தன. மதிலில் இருந்தன. சோற்றைப் பார்த்தன. பிறகு எல்லாம் சேர்ந்து என் பக்கம் பறந்து, நான் அடுப்படியில் கொட்டியிருந்த நண்டுக் கோதிலும் மீன் செதிலிலும் விழுந்தன.

வைத்திலிங்கம் திரும்பவும் கூப்பிட்டார். ஒரு காகம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறால் தோலை இழுத்தது. காகம் எடுக்காமல் அவர் சாப்பிட மாட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் படாத மனிதர், உச்சி வெயிலில் நிற்கிறார். அவர் முகத்தில் கோபம் ஏறுவதை நான் பார்த்தேன். முடிந்தது, நாளைக்குச் சீமெந்து என்று நினைத்தேன்.

அகப்பையோடு ஓடினேன். காகங்களைக் கலைத்தேன். ஓலைக் கடகத்தால் கழிவை மூடி, அது காணாமல் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பாலும் மறைத்து, அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். காகங்கள் என்னைச் சுற்றி நின்று கத்தின. ஒன்று என் தலையில் கொத்தியது.

"அண்ணை," என்றார் சிவபாதம், சிரிப்பை அடக்க முடியாமல், "எங்கடை அப்பு கூழுக்கெல்லோ நிக்கிறார்."

எல்லாரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் காகங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய தோள்தான் முதலில் குலுங்கியது.

"அந்தாள் உயிரோடை இருக்கேக்கையும் உப்பிடித்தான். கூழ் மணந்தால் எங்கடை வீட்டுச் சோத்தைத் தொடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ ஏன் இஞ்சை நிக்கிறாய்? போ. அப்புவோடை போய் இரு."

"நீங்கள் சாப்பிடாமல்…"

"நான் என்ரை கணக்கைப் பாப்பன். நீ லண்டனிலை எத்தனை அமாவாசைக்கு எதைத் திண்டியோ. போடா."

சிவபாதம் வாசலைச் சுற்றிப் போகவில்லை. மதிலைத் தாண்டியே வந்தார். அந்த நேரம் பார்த்து, கலைபட்ட காகம் ஒன்று வேறு வழியில்லாமல் மதிலுக்குப் போய், ஒரு இலையில் ஒரு வாயும் மற்ற இலையில் ஒரு வாயும் எடுத்தது. "வந்திட்டார்" என்றார் சீதேவியக்கா. எந்த ஆளைச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாடு சாப்பாடாக நடந்தது. அந்தப் பக்கம் பூசணிக்காய்க் கறியும் முருங்கையிலை வறையும் நெய்யும். இந்தப் பக்கம் ஓலையைக் கோலிய பிளாக்களில் கூழ், பிறகு கள்ளு. சிவபாதம் உறைப்பில் மூக்கால் ஒழுக ஒழுக, பேச்சில்லாமல் குடித்தார். மூன்றாவது பிளாவுக்குத்தான் "அம்மாடி" என்றார்.

சாப்பிட்டு முடித்த வைத்திலிங்கம் கருப்பணிப் பிளாவோடு வந்து மதிலில் சாய்ந்து நின்றார்.

"என்ன மீன் போட்டது?"

"திருக்கை அண்ணை."

"பயித்தங்காய்?"

"போட்டது."

"பலாக்கொட்டை?"

"அதுவும்."

கொஞ்ச நேரம் கருப்பணியைக் குடித்தார். "நண்டுக்கு உள்ளிருக்கோ?"

சிவபாதம் ஒரு காலை உடைத்து அவருக்குக் காட்டினார். வெள்ளைச் சதை திரண்டு வெளியே வந்தது.

"இருக்குந்தானே," என்று பெருமூச்சு விட்டார் வைத்திலிங்கம். "அமாவாசையெல்லே."

பின்னேரம் குறிகட்டுவானில் இறங்கும்போது அவருடைய கையில் ஈரச் சாக்கு ஒன்று இருந்தது. உள்ளே உயிர் நண்டு. நாளைக்கு என்று ஞானசவுந்தரி கட்டிக் கொடுத்தது. அம்புறோஸ் வள்ளத்தைக் கட்டிவிட்டு நேரே அவரிடம்தான் போனார். நான் கயிற்றைச் சுருட்டுகிறவன்போலக் குனிந்து நின்றேன்.

"எப்பிடி அண்ணை பயணம்?"

"நாசமாப்போன பயணம். காகம் வராமல் மண்டை காய நிண்டன். செத்துப்போன என்ரை அப்புவையே உன்ரை ஆள் கூழ்ச்சட்டியைக் காட்டி மறிச்சுப்போட்டான்."

அம்புறோஸ் என் பக்கம் திரும்பினார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

"அடுத்த மாசம் என்ரை சம்பந்தியாக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் வைத்திலிங்கம். "அமாவாசைக்கு முதல் நாள் வை. விளங்கிச்சோ? முதல் நாள்."

"முதல் நாள் நண்டு எப்பிடி?" என்று அம்புறோஸ் கேட்டார்.

"உள்ளிருக்கும்" என்று வைத்திலிங்கமும் நானும் ஒன்றாகச் சொன்னோம்.

அவர்கள் வாகனத்தில் ஏறிப் போன பிறகு அம்புறோஸ் தாடியைச் சொறிந்தார். "அப்ப இராயப்பு, நண்டு கிழமைக்கு ஒருக்காக் கொழுக்குமோ?"

"இல்லை."

"மாசத்திலை ரெண்டு மூண்டு நாள்தானே? மற்ற நாளெல்லாம் நீர் என்ன செய்யிறது?"

எங்களோடு வள்ளத்தில் திரும்பி வந்து, பின்னால் வெறும் சட்டியோடு நின்ற ஞானசவுந்தரி முன்னுக்கு வந்தாள். "ஏன் அம்புறோசண்ணை, நண்டில்லாட்டில் நெடுந்தீவிலை அடுப்பெரியாதோ? கணவாய் இருக்கு. இறால் இருக்கு. சைவக்காரருக்குச் சீதேவியக்கா இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆக்களைச் சேருங்கோ."

அம்புறோஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். துறையில் அடுக்கியிருந்த மூட்டைகளையும் பார்த்தார். "உதை மற்றவங்கள் ஏத்தட்டும்," என்றார். "நீர் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை போம். ஞாயிறு வெள்ளன வந்திடும்."

சட்டியின் ஒரு காதை நான் பிடித்தேன், மற்றதை அவள் பிடித்தாள். பாலத்து ரோட்டில் காற்று நல்லாய் அடித்தது.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று அவள் கேட்டாள்.

"எங்கை? நான் காகத்துக்கெல்லோ காவல் இருந்தனான். நீர்?"

"நான் பரிமாறினனான்."

இரண்டு பேரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் கூழ் பிடித்திருந்தது.