தொடாமல் ஒரு விளையாட்டு

செங்கம் ரோட்டில் மாடி அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் மெஹ்ருன்னிசாவுக்கு அலுத்துப்போய்விட்டது. உடம்பு மட்டுமில்லை, வாயும் ஓய்ந்துவிட்டது. "ஏய், வேணாம்" என்று அந்த நாயிடம் ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் சொல்வது?

நாய் அவளுடையது இல்லை. மாடியில் குடியிருந்த தென்றல் என்ற பெண், ஊருக்குப் போய் ரெண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று விட்டுப்போனது. அப்புறம் போனில், "ஆன்ட்டி, எனக்கு இங்கியே வேலை கெடச்சிடுச்சு, பிஸ்தாவ நீங்களே வச்சிக்கங்க" என்றாள். பெயரைப் பாருங்கள், பிஸ்தாவாம்.

அந்தப் பிஸ்தா கொடியில் காய்ந்த துணியை இழுத்தது, செருப்பைக் கடித்தது, செய்ய ஒன்றும் இல்லாதபோது சுவரைப் பார்த்துக் குரைத்தது. மெஹ்ருன்னிசா அதைத் தொடுவதில்லை. எச்சில் பட்டால் கழுவி, புடவை மாற்றிவிட்டுத்தான் தொழ வேண்டும். முழங்கால் வலியோடு அதற்கு எத்தனை தரம் எழுவது? அதனால் தூரத்தில் நின்றே சோறு வைத்தாள், தூரத்தில் நின்றே திட்டினாள்.

ஓடவிட்டால் அடங்கும் என்று எதிர்வீட்டு அப்பாதுரை கிரிவலப் பாதையில் மலை சுற்ற அதை அழைத்துப்போனார். போனது நடந்து, வந்தது ஆட்டோவில். இறங்கியதும் அப்பாதுரை படுத்துவிட்டார். பிஸ்தா நேரே துணிக்கொடிக்குத் தாவியது. ஓட ஓட அதற்குத் தெம்புதான் ஜாஸ்தியானது.

இதற்குள் மாடியில் தியானத்துக்கு வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர், மௌன விரதத்தை முறித்துக்கொண்டு இறங்கி வந்து, "டாக், டாக்" என்று கைகூப்பினார். நாளைக்கு வேறு அறை பார்த்துக்கொள்வாராம். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். வேங்கிக்கால் தாண்டிக் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கலையரசனுக்கு அவள் போன் போட்டாள்.

"சாயங்காலம் வந்து புடிச்சிட்டுப் போறேம்மா. ராத்திரி காவலுக்கு ஆவும். பகல்ல சங்கிலியில கெடக்கட்டும்" என்றான்.

சங்கிலி என்றதும் அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் சரி என்றாள். வேறென்ன செய்வாள்?

மத்தியானம் கடையிலிருந்து தூக்கி வந்த பொரிப் பை கிழிந்து, முற்றத்தில் குவித்திருந்த மணலில் பாதிப் பொரி சிந்தியது. குனிந்து பொறுக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. போகட்டும் என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிஸ்தா வந்து மணலில் மூக்கை வைத்தது. ஒரு பொரி. காலால் கிளறி இன்னொன்று. குரைக்க அதற்கு நேரமே இல்லை. மோந்து மோந்து, வெயில் சுவரில் ஏறும்வரை தேடியது. மாடியில் தியானம் செய்கிறவருக்குக்கூட இவ்வளவு கவனம் இருக்குமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது நிமிர்ந்து பார்த்தபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னொரு பிடி வீசினாள். பிறகு இன்னொரு பிடி.

கடைசியில் பிஸ்தா தள்ளாடி வந்து, மணல் ஒட்டிய ஈர மூக்கை அவள் பாதத்தின் மேல் வைத்துத் தூங்கிப்போனது. மாடியிலிருந்தும் யாரும் கைகூப்பிக்கொண்டு இறங்கி வரவில்லை.

கலையரசன் சங்கிலியோடு வந்தான். "இதுவாம்மா ஓயாம கொரைக்குது? அடிச்சிப் போட்ட மாரி கெடக்குது."

"மெதுவா பேசுப்பா. தூங்குதில்ல."

"அப்ப நாளைக்கு இந்நேரம் வரட்டா?"

"நாளைக்கும் இந்நேரம் தூங்கிட்டுதாம்பா இருக்கும்."

அவன் அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பாதத்தைக் கழுவ வேண்டும், புடவை மாற்ற வேண்டும், முழங்கால் கெஞ்சும். எழுந்திருக்கத்தான் வேண்டும். மெஹ்ருன்னிசா இன்னும் கொஞ்ச நேரம் காலை இழுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.