மரண அறிவிப்புக்கு ஒரு கேமரா

மாத்தச்சன் பத்திரிகையைப் பிரித்தால் முதலில் கண் போய் விழுவது மரணப் பக்கத்தில்தான். பாலா ஊரில் அந்த வயதுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். நாட்டை யார் ஆண்டால் என்ன, இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று தெரிந்தால்தானே வெள்ளை வேட்டியை எடுத்து வைக்க முடியும்? ஆனால் மாத்தச்சன் அதோடு நிற்கமாட்டார். அங்கே வரிசையாக இருக்கும் முகங்களுக்கு மதிப்பெண் போடுவார். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருக்கும் மருமகள் எல்சி அதைக் கேட்டே ஆகவேண்டும்.

“மோளே, ராமபுரம் அவிராச்சன் போயிட்டாரு. ஓட்டு அட்டைப் படத்தைத் தூக்கிக் குடுத்திருக்கானுங்க பாரு. தேங்கா திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறாரு. இந்த மூஞ்சியைப் பாத்தா மோட்சத்துல பேதுரு கதவைத் திறப்பாரா?”

“கதவைத் திறக்கறதுக்கு முந்தி அந்தக் காப்பியைக் குடிங்க அப்பச்சா. ஆறுது.”

கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் எல்சி வாய்விட்டுச் சண்டை போட, சிரிக்க இருந்த ஆள் மாமனார்தான். கணவன் ராய்ச்சன் ரப்பர் விலையும் கிரிக்கெட்டும் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவன்.

மாத்தச்சன் கேலி பேசாத ஒரே மரண அறிவிப்பு அவருடைய மனைவி திரேசியாம்மாவுடையது. மூன்று வருடத்துக்கு முன் அவர் திடீரென்று போனபோது பத்திரிகைக்குக் கொடுக்க வீட்டில் ஒரு படம் இல்லை. ஆல்பங்களை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் முதல் நற்கருணை, புதுவீடு மந்திரிப்பு, கோயில் பெருநாள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் திரேசியாம்மா படத்துக்கு வெளியே எங்கோ கரண்டியோடு நின்றிருந்தார். கடைசியில் ஒரு கல்யாணக் கூட்டப் படத்தில் கட்டைவிரல் அளவு முகம் கிடைத்தது. ஸ்டுடியோக்காரர் அதை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார். மறுநாள் பத்திரிகையில் திரேசியாம்மாவின் தோளில் கைக்கடிகாரம் கட்டிய யாருடைய கையோ இருந்தது. அது யார் கை என்று குடும்பத்தில் இன்னும் வழக்கு தீரவில்லை. அன்று மாத்தச்சன் அந்தப் பக்கத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார்.

இப்போது அவருடைய இருதயத்தில் அடைப்பு. கோட்டயத்தில் அறுவை செய்ய நாள் குறித்தாயிற்று. அன்றிரவு கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் தின்றுகொண்டே சொன்னார்.

“ராய்ச்சா, ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கணும். சல்லிசா, வீட்டுல எப்பவும் எடுக்கற மாதிரி.”

எதற்கு என்று எல்சிக்குத் தெரியாதா? அந்தக் கேமரா வீட்டுப் படி ஏறினால் அதன் பின்னாலேயே மரணமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடும் என்று பயந்தாள். சவப்பெட்டியை முன்கூட்டியே செய்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் வாங்கலாம்” என்றாள்.

“வந்தப்புறம் எனக்கு எதுக்குடி? மெலிஞ்சு கருவாடாட்டம் இருப்பேன்.”

சனிக்கிழமை மூவரும் பாலா டவுனுக்குப் போனார்கள். அதற்குள் ராய்ச்சன் யார் யாரிடமோ விசாரித்துக் கேமரா சாஸ்திரத்தில் கரைகண்டிருந்தான். கடைக்குள் நுழைந்ததும் மெகாபிக்சல், ஜூம் என்று சரளமாகப் பேசினான். கல்யாணமானதிலிருந்து அவன் இவ்வளவு பேசி எல்சி கேட்டதில்லை.

“ஏழு மெகாபிக்சலுக்குக் கம்மியா வேணாம். படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிசாக்கலாம்” என்றான்.

மாத்தச்சன் சட்டைப் பையிலிருந்து மடித்த மரணப் பக்கத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். அதிலிருந்த ஒரு முகத்தின்மேல் தன் தீப்பெட்டியை வைத்தார். முகம் முழுதாக மறைந்தது.

“இவ்வளவுதான் வரும். இதுக்கு ஏழு எதுக்குடா? சுவர்ல மாட்ட நான் என்ன பிஷப்பா?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவரும் காலையில் அதே பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கடை திறப்பவர். “நியாயந்தான் சேட்டா, நாலு போதும்” என்று சின்னதாக ஒரு வெள்ளி நிறக் கேமராவை எடுத்து வைத்தார். ராய்ச்சன் முகம் தொங்கிப்போயிற்று.

சோதித்துப் பார்க்க ஒரு படம் எடுத்தார்கள். கேமராவைக் கண்டதும் மாத்தச்சன் மூச்சை அடக்கி, மோவாயைத் தூக்கி, கண்ணை உருட்டி நின்றார். பிலிம் காலத்துப் பழக்கம். இன்னொரு கேமராவில் எடுத்தார்கள், அப்போதும் அதே முழி.

“எதுல எடுத்தாலும் ஏற்கனவே செத்த மாதிரிதான் இருக்கேன். கேமராமேல குத்தம் இல்ல” என்றார் மாத்தச்சன்.

எல்சியால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கடை வாசலுக்குப் போய் வெயிலில் நின்றாள். உள்ளே அவர் கேட்பது காதில் விழுந்தது.

“சத்தம் வராம எடுக்க முடியுமா? வெளிச்சம் கம்மியான இடத்துல வருமா? அடுக்களை மாதிரி?”

இனி அடுக்களைக்கும் வந்து போஸ் கொடுப்பார் போலிருக்கிறது என்று எல்சி நினைத்துக்கொண்டாள்.

கேமரா வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து அது மாத்தச்சனின் மணிக்கட்டைவிட்டு இறங்கவில்லை. ராய்ச்சன் தொடப்போனால், “பழகிக்கிட்டிருக்கேன், போடா” என்பார். மலிவுக் கேமரா பேட்டரியைக் கடலை கொறிப்பதுபோல் தின்றது. புதிது வாங்க மாத்தச்சனுக்கு மனம் வரவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான். முதலில் கூடத்துக் கடிகாரம் நின்றது. பிறகு டிவி ரிமோட் உயிரை விட்டது. கிரிக்கெட் நடக்கும்போது சானல் மாற்ற ராய்ச்சன் எழுந்து எழுந்து போகவேண்டியதாயிற்று.

“கண்ணாடி முன்னால நின்னு பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கீங்களாக்கும். மாப்பிள்ளை பாக்கவா வர்றாங்க?” என்று எல்சி குத்தினாள்.

“பத்திரிகைக்குப் போறவன் லட்சணமா இருக்க வேணாமா?”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நாள் மதியம். எல்சி பையில் வேட்டி, சட்டை, ஜெபமாலை, பிளாஸ்க் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாத்தச்சன் நார்க்கட்டிலில் சாய்ந்திருந்தார். பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டிருந்தார். கேமராவைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“இதை நீ வெச்சுக்க. இருக்கறதுல நல்லதாப் பாத்துக்க.”

அவருடைய கடைசி முகத்தை அவளே பொறுக்க வேண்டுமா? வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்தினாள்.

சின்னத் திரையில் வந்தது எல்சி. அரிவாள்மனையில் மத்தி நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்ததிலும் எல்சிதான், கோழியைத் துரத்திக்கொண்டு, ஒரு கை இடுப்பில். அடுத்ததில் வாயில் ஹேர்ப்பின்னைக் கவ்வியபடி கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கியபடி ஒன்று. ராய்ச்சனைத் திட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்று, சத்தம் கேட்காதது ஒன்றுதான் குறை. அழுத்த அழுத்த அவளே வந்தாள். மாத்தச்சன் ஒன்றிலும் இல்லை.

“உங்க படம் எங்க அப்பச்சா?”

“என் படத்துக்கு என்னடி பஞ்சம்? பிஷப் வந்தப்போ, சொசைட்டி தேர்தல்ல ஜெயிச்சப்போ, எல்லாத்துலயும் மாலையோட நிக்கறேன். எதை வேணாலும் குடுங்க.” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நாப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டவளுக்கு, எவனோட கையையோ தோள்ல வெச்சு அனுப்பினேன். உனக்கும் இந்த வீட்டு ஆல்பத்துல ஒரு படம் இல்ல. நேத்து ராத்திரிகூடத் தேடிப் பாத்தேன். கல்யாணப் படத்துக்கு அப்புறம் நீ அடுக்களைக்குள்ள போனவதான்.”

எல்சி பையிலிருந்த வேட்டியை எடுத்தாள், மறுபடி மடித்தாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

“இதுக்கு எதுக்கு அழறே? உன்னோடதை அனுப்ப இன்னும் அம்பது வருஷம் கிடக்கு. அதுக்குள்ள ஒரு நாளாவது தலையை ஒழுங்கா வாரு” என்று மாத்தச்சன் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். எல்சி கையில் எடுத்த கேமரா தன்னைப் பார்ப்பதை அவர் கவனிக்கவில்லை. மூச்சை அடக்கவில்லை, மோவாயைத் தூக்கவில்லை. எல்சி அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள்.

“எடி, பல்லு” என்று அவர் டம்ளரைத் தேடினார்.

“எடுத்தாச்சு. பத்திரிகைக்கு இதுதான் போகும்.”

“பல்லில்லாமயா? பேதுரு சிரிப்பாருடி. அழிச்சுடு.”

“அழிக்கற பட்டன் எதுன்னு எனக்குத் தெரியாது அப்பச்சா. வேற படம் வேணும்னா ஒழுங்கா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்து, பல்லை வெச்சுக்கிட்டு உக்காருங்க. எடுத்துத் தர்றேன்.”

கேமராவைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, எல்சி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.