கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வருபவர்

டாக்டர் பியூர்ஃபாய் டப்ளின் டென்னிஸ் கோப்பையை மூன்று வருடம் வைத்திருந்த மகராசர். அந்தக் காலத்து விதி அப்படி: போன வருடம் ஜெயித்தவர் மற்றவர்களோடு முட்டி மோத வேண்டாம். அவர்கள் வெயிலில் அடித்துக்கொள்ள, கடைசியில் மிஞ்சுகிறவனோடு மட்டும் ஆடினால் போதும். அதுவரை நிழலில் தேநீர்.

ஆட்டத்தை விட்டு வைத்தியத்துக்கு வந்தவர், விதியை மட்டும் விடவில்லை. எங்கள் ஊரில் யார் படுத்தாலும் முதலில் மருந்துக்கடைக்காரர் பார்க்க வேண்டும், பிறகு தர்மாஸ்பத்திரி டாக்டர். இருவரும் கைவிட்ட பிறகுதான் இவர் தொப்பியை எடுப்பார். "என் கையில இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்ல" என்று கிளப்பில் மார்தட்டுவார். அவர் கைக்கு வந்தால்தானே சாவதற்கு!

அவர் வீட்டில் சமைத்துப் போட்ட பாவத்துக்கு இதையெல்லாம் கேட்டுத் தொலைத்தேன். என் தங்கை மகள் ரோஷீனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தபோது பொறுக்க முடியவில்லை.

"மருந்துக்கடைக்காரர் பாத்தாச்சா?" என்றார், முட்டையை உடைத்தபடி.

"எல்லாரும் பாத்துக் கைய விரிச்சாச்சு. குழந்த மூச்சு விட முடியாமத் தவிக்குது. கிளம்புங்க டாக்டர்!"

வந்தார். நீலம் பாய்ந்த முகத்தைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ரொம்ப லேட்டாக் கூப்பிட்டிருக்கீங்க, ஹோனோரா" என்று திரும்பினார்.

எனக்கு வந்ததே கோபம்! அவர் கையைப் பிடித்து இழுத்து ரோஷீனின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன்.

"இப்ப இவ உங்க கையில இருக்கா. செத்தா உங்க கையிலதான் செத்தான்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

அவர் முகம் வெளுத்தது. பிறகுதான் பெட்டி திறந்தது. தொண்டையில் கீறி, வெள்ளிக் குழாயைச் செருகினார். கை நடுங்கவே இல்லை, பாவி மனுஷனுக்கு. குழந்தை மூச்சை இழுத்தாள். இவ்வளவு தெரிந்தவர்! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அன்று கிளப்பில் ஒரே கைதட்டலாம்.

அடுத்த வாரம் வண்டித் தச்சன் மகனுக்கு அதே நோய். அவர்கள் முறைப்படியே ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இவரிடம் வந்தார்கள். இவர் போய் வாசலோடு திரும்பி வந்து, ஆட்டுக்கறி வேகவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார். பையனை வெள்ளிக்கிழமை புதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா ஒரு கோழியோடு வந்து வாசலில் நின்றாள்.

"எங்க தப்புதான் டாக்டர். லேட்டாக் கூப்பிட்டு உங்கள வீணா அலைய வச்சுட்டோம். மன்னிச்சுக்கங்க."

"பரவால்லம்மா" என்று பெரிய மனது பண்ணி, கோழியை வாங்கி என்னிடம் நீட்டினார்.