முழு முட்டைகோஸ் விருந்து

என் கணவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது பலகையில் எழுதி மாட்டிவிட்டால் போதும், அதை அப்படியே நம்பிவிடுவார். பூங்காவில் 'புல்லில் நடக்காதீர்கள்' என்று இருந்தால், புல்லே முளைக்காத மண்தரையைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். மாத்திரை அட்டையில் 'உணவுக்குப் பின்' என்று இருந்தால், ஒரு பிஸ்கட்டாவது தின்னாமல் மாத்திரையைத் தொடமாட்டார். இப்படிப்பட்ட ஒருவர் போலீஸில் சேர்ந்தது நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம், அது வேறு விஷயம்.

அவர் ஏட்டு. நான் சமையல்காரி. கல்யாணம், பிறந்தநாள், அலுவலக விருந்து எதுவானாலும் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து சமைத்துக் கொடுப்போம். ஏட்டின் தங்கை என்பதால் நாத்தனாருக்கு யாரிடமும் பயம் கிடையாது, குறிப்பாக ஏட்டிடம்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பையன்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தன் காலை இன்னொருத்தன் மிதித்துவிட்டானாம், அவ்வளவுதான் விஷயம். மிதிபட்டவன் கத்தியை எடுத்துவிட்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை குத்துப்பட்டவனின் காயத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் கணவர். பையன் பிழைத்துவிட்டான், ஆனால் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையை என்னிடம் கொடுக்காமல் தானே துவைத்தார். காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துவைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே சட்டம் வந்துவிட்டது. நகர்மன்றத் தலைவர் மேடையேறி அறிவித்தார். பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தி, கூரான கருவி எதையும் பொது இடத்தில் யாரும் கொண்டுபோகக் கூடாது. யார் பையையும் காரணம் சொல்லாமலே போலீஸ் திறந்து பார்க்கலாம். பறித்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை, உருக்கிவிடலாம். தொழிலுக்கு வேண்டும் என்பவர்கள் விண்ணப்பம் போடலாம். விண்ணப்பப் படிவம் மட்டும் இன்னும் அச்சாகவில்லை.

ஊரே கைதட்டியது. நானும் சேர்ந்துதான் தட்டினேன். வீட்டுக்கு வந்து, கணவர் அடுப்படியில் உட்கார்ந்து என் கத்திகளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாரம் ஒருமுறை என் கத்திகளைத் தீட்டுவது அவர் வேலை. அதில் அவருக்கு ஒரு சுகம்.

"என்னங்க, இதெல்லாம் இனிமே என்ன ஆகிறது?"

"வீட்டுக்குள்ள வச்சுக்கலாம். தப்பில்ல."

"சமையல் நடக்கிறது மண்டபத்துலங்க. கத்தி தானா நடந்து வருமா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"நான் யாரைக் குத்தப் போறேன்?"

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி யோசித்தார். "குத்தறவன் எவனும் முன்கூட்டியே சொல்லிட்டுக் குத்தறதில்ல" என்றார். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும்.

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு எனக்கு நாற்சந்தில டியூட்டி. பின்பக்கச் சந்துல யாரும் நிக்க மாட்டாங்க" என்று கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் மனிதர் ஒரு சட்டத்தை எனக்காகக் கொஞ்சம் வளைத்தது அதுவே முதல்முறை. நியாயமாக நான் உருகிப்போயிருக்க வேண்டும். ஆனால் என் கத்தியை எடுத்துக்கொண்டு என் வேலைக்குப் போக நான் ஏன் சந்துக்குள் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும்? நாற்சந்தி வழியாகவே போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் விருந்து வேறு யாருடையதும் இல்லை, அதே நகர்மன்றத் தலைவர் வீட்டுக் கல்யாணம். மகள் திருமணம், மதியம் இருநூறு பேர். பாத்திரங்களும் காய்களும் முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டன. கத்திப் பை மட்டும் என் தோளில்.

நாற்சந்தியில் வரிசை நின்றது. முதலில் ஒரு பள்ளிக்கூட மாணவி. அவள் பையிலிருந்து நீளமான இரும்பு ஸ்கேல் வெளியே வந்தது. என் கணவர் அதை வாங்கித் தன் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார். "நீளம் இருக்கு, கூர் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து ஒரு தச்சர். அவருடைய உளி பறிமுதல் பெட்டிக்குள் போய்விட்டது. "இது இல்லாம ஜன்னலுக்குச் சட்டம் எப்படிங்க போடறது?" என்றார் அவர். ரசீது கொடுத்தார்கள். தச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தார்.

அடுத்தது நானும் நாத்தனாரும்.

"பையைத் திறங்க" என்றார் என் கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை வா, போ என்றுதான் பேசுவார். இப்போதுதான் மரியாதை கிடைத்தது, அதுவும் நடுத்தெருவில். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கு?"

"காரணம் சொல்ல வேண்டியதில்ல."

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நேத்து நீங்கதானே தீட்டினீங்க?"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவர் காது சிவந்தது. "எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது சட்டத்துக்குத் தெரியாது. திறங்க."

திறந்தேன். ஆறு கத்திகள். ஒவ்வொன்றாக அளந்தார். நான்கு நீளம் அதிகம். என் பெரிய கத்தியை எடுத்தபோது மட்டும் கை ஒரு நொடி நின்றது. அதன் பிடி என் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருப்பது அவருக்குத் தெரியும். பிறகு அதையும் பெட்டியில் போட்டார்.

"பேர்?" ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"அதுவும் மறந்துபோச்சா?"

"கேட்டுத்தான் எழுதணும்."

சொன்னேன்.

"கணவர் பேர்?"

நாத்தனாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எழுதிக்கோண்ணா. நல்ல மனுஷன்தான், கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி. இனிஷியலை விட்டுடாதே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் கத்திகள் பெட்டிக்குள் விழுந்த சத்தம் எனக்குச் சிரிப்பாக இல்லை. அந்த நான்கும் உருகிவிட்டால் என் தொழிலும் அதோடு போயிற்று. புதிதாக வாங்கலாம், கடையில் விற்கத் தடை இல்லை. வாங்கிக்கொண்டு கடைவாசலைத் தாண்டினால்தான் குற்றம்.

மண்டபத்துச் சமையலறையில் முட்டைகோஸ் மலைபோலக் குவிந்திருந்தது. பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கோழி. எங்களிடம் இருந்தவை பூண்டு உரிக்கும் இரண்டு சின்னக் கத்திகள். அவற்றை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நறுக்கியிருந்தால் பாதி வேலையாவது முடிந்திருக்கும். நான் நறுக்கவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். "எல்லாத்தையும் முழுசா வேக வை" என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவள் அண்டாவை எடுக்க ஓடினாள். இப்படிப்பட்ட உத்தரவுக்காகவே அவள் பிறந்தவள்.

விருந்தாளிகள் வரத் தொடங்கிய நேரத்தில் தலைவர் புதுக் கோட்டுடன் சமையலறையை எட்டிப் பார்த்தார். அண்டா மூடியைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"முட்டைகோஸுங்க."

"அது தெரியுது. ஏன் உருண்டையா இருக்கு?"

"அது பொறப்பே அப்படித்தாங்க. வெட்டறதுக்குச் சட்டம் இடம் கொடுக்கல. என்கிட்ட விட்டுவச்ச கத்தி அதுல பாதிகூடப் போகல."

"பூசணியும் முழுசாத்தான் வெந்திருக்கு" என்றாள் நாத்தனார். "கொஞ்சம் பருமனான விருந்தாளி யாராவது மேல உட்கார்ந்தா உடைஞ்சுடும்."

தலைவர் கோபக்காரர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அடடா, அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லம்மா."

"அதுல அப்படி எழுதலையேங்க."

"அதையெல்லாம் எழுத மாட்டாங்க. ஆள் பார்த்து விட்டுடுவாங்க." போனை எடுத்தார். யாருடனோ இரண்டு வார்த்தை பேசினார். "கத்தி வந்துடும். சீக்கிரம் நறுக்குங்க" என்றார்.

ஊரே கைதட்டிய சட்டம் எனக்கு மட்டும் இல்லாமல் போக அவ்வளவு நேரம்தான் ஆனது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாத்தனாரைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினேன்.

கத்திகளைக் கொண்டுவந்தவர் என் கணவர். செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வீறாப்பாக ஒரு வார்த்தை சொல்ல நான் தயாராக இருந்தேன். முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. காலையில் என் கத்திகளை அளந்தவர் இவர்தானா என்று இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கொடுய்யா, நேரமாகுது" என்றார் தலைவர்.

"ஐயா, தச்சரோட உளியும் ஸ்டேஷன்ல இருக்கு. அதையும் கொடுத்துடலாமா?"

"யாருய்யா தச்சர்?"

"காலைல வந்தாரு. அப்புறம் தோல் அறுக்கிறவரோட கத்தி, ஒரு அம்மாவோட தோட்டக் கத்தரி..."

"இவங்களுக்குத்தானே கொடுக்கச் சொன்னேன்? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கொடுக்கறதுக்கா சட்டம் போட்டோம்? அந்தப் பையனுக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கணுமா?"

என் கணவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "அவனைக் குத்தின கத்தி பதினோரு சென்டிமீட்டருங்க. காய் நறுக்கற சின்னக் கத்தி. அன்னிக்கே அளந்துட்டேன்."

என் கையில் அப்போது அதே மாதிரிச் சின்னக் கத்தி ஒன்று இருந்தது. மெதுவாக மேசைமேல் வைத்தேன்.

"தெரிஞ்சேதான் எல்லார் பையையும் திறந்தேன்" என்றார். இப்போது அவர் என்னைப் பார்த்துப் பேசினார். "ஏதாவது பண்ணணும்போல இருந்துச்சு. சும்மா இருக்க முடியல."

காய்ந்த சட்டையை மறுபடியும் துவைத்தாரே, அப்போதே நான் கேட்டிருக்கலாம். இப்போது கேட்க எதுவும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் அந்தக் கை நிறையக் கத்திகள்.

பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "மேலிடம் கொடுக்கச் சொல்லிடுச்சு. எடுத்துக்கோ."

நூலை அவிழ்த்தேன். நான்கும் பளபளத்தன. பெரிய கத்தியைப் பிடித்தேன். பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம், சிரிப்பு, குழந்தைகளின் ஓட்டம். இப்போது தொடங்கினால்கூட விருந்தைக் காப்பாற்றிவிடலாம். நாளைக்கும், அதற்கு மறுநாளும் இந்தக் கத்திகள் என்னோடு இருக்கும், தலைவருக்கு என் சமையல் பிடித்திருக்கும்வரை. உப்பு ஒருநாள் தூக்கலாகிவிட்டால் மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும்.

கத்தியைத் திரும்பத் தாளில் வைத்துச் சுற்றினேன். அந்த நேரத்தில் அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். "வரிசையில எனக்கு முன்னாடி தச்சர் நின்னாரு. அவருக்குக் கொடுத்துட்டு வந்து எனக்குக் கொடுங்க."

"என்னம்மா பேசறீங்க? இருநூறு பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றார் தலைவர்.

"இருக்கறதைப் பரிமாறறோங்க. பிச்சுப் பிச்சுச் சாப்பிடலாம், நல்லாத்தான் வெந்திருக்கு."

என் கணவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். தலைவர் பக்கம் திரும்பி, விறைப்பாக நின்றார். "ஐயா திருப்பிக் கொடுக்கச் சொன்னீங்க. கொடுத்துடறேன். எல்லார்கிட்டயும் ரசீது இருக்கு."

"நான் அப்படிச் சொல்லல. வேலைல இருக்கணுமா வேண்டாமா உனக்கு?"

அவர் பொட்டலத்துக்கு மறுபடி நூல் கட்டினார். எனக்குத் தெரியும், அந்த மனிதரை இனி அசைக்க முடியாது. நாத்தனார் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தன் அண்ணனுக்காகப் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வர நேரமாகும்" என்றார் என்னிடம். "ஒவ்வொருத்தர் வீடா விசாரிச்சுப் போகணும்."

"எவ்வளவு நேரமானாலும் வாங்க. நான் முழிச்சிருப்பேன்" என்றேன். அவர் போன பிறகு, முதல் முட்டைகோஸைத் தட்டில் எடுத்து வைத்தேன்.